குரலும் கதவும்

அமெரிக்க நாட்டில் தனிவீடு கட்டி வாழ்வோர், கார் நிறுத்துவதற்கென வீட்டோடு ஒட்டி ஓர் அறை அமைப்பது வழக்கம். கராஜ் எனப்படும் அவ்வறையின் கதவு பக்கவாட்டில் திறப்பதன்று. பலகை பலகையாக மடிந்து மேலே ஏறுவது. ஜான்சன் என்பவர் 1921இல் அத்தகைய கதவை ஆக்கினார். அதனை மின்விசையால் தூக்கும் பொறியை 1926இல் செய்தார். பின்னர்க் கையடக்கமான ரிமோட் வந்தது. இப்பொழுது அதுவும் வேண்டியதில்லை, வாயால் சொன்னாலே கதவு கேட்டுத் திறக்கும் என்கின்றனர். இதைப்பற்றித் தமிழில் எழுதுவோர் 'குரலுக்குத் திறக்கும் கதவு' என்றும் 'அறிவார்ந்த வீடு' என்றும் தயக்கமின்றி எழுதுகின்றனர். இவ்விரு தொடர்களும் பொருளை உள்ளவாறு உணர்த்துகின்றனவா என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

அடுக்குமாடி வீட்டில் வாழும் சிங்கப்பூர் வாசகர், கராஜ் கதவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலேசியத் தாமான் வீடுகளில் ஆட்டோகேட் பெருகிவிட்டது. கராஜ் கதவுக்கு வந்தது அதற்கும் வரும். மேலும், சொல்லாராய்ச்சிக்கு வீட்டுவரி கட்டியிருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லையே!

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'கதவே, திற' என்பது ஒன்று. 'கதவைத் திற' என்பது வேறொன்று. முன்னதில் விளிக்கப்படுவது கதவு. கேளாத பொருளைக் கேட்பதுபோல் வைத்துப் பேசுதற்கு நன்னூலும் இடம் தந்திருக்கிறது. பின்னதில் விளிக்கப்படுபவன் ஓர் ஏவலாள். கதவு செயப்படுபொருளாக நிற்கிறது. 'திற' என்னும் வினை இரண்டிற்கும் பொதுவாதலால் இவ்வேறுபாடு காதில் எளிதாகத் தப்பிவிடும். இக்கருவிகளிடம் நாம் பேசுவது இரண்டாம் வகை. 2014இல் வெளிவந்த அமேசான் பேசும்பெட்டிக்கு அலெக்சா என்று பெயர் சொல்லி விளித்த பிறகே ஏவ வேண்டும். பெயரைக் கேட்டதும் பெட்டி விழித்துக்கொண்டு, அடுத்து வரும் சொற்களைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. ஒலியை எழுத்தாக்கிப் பொருள் காண்பது அந்தக் கணினி. அது கதவுப்பொறி செய்த நிறுவனத்தின் கணினிக்குச் செய்தி சொல்ல, அங்கிருந்து கட்டளை இணையத்தின் வழி நம் வீட்டுக்குத் திரும்பிவந்து, பொறி சுழல்கிறது. கதவு யாருடைய குரலையும் கேட்கவில்லை. கேட்டது இடையில் நின்ற செவி.

உறவினர் வீடொன்றில் இதனை நேரில் கண்டேன். பேரன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, ஆட்டோகேட் திறந்தது. பாட்டியார் பெட்டியின் பக்கம் திரும்பி, "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடும்மா" என்றார். பெட்டி வாளாவிருந்தது. "காது கேக்கலியா இதுக்கு?" என்று பேரனைக் கேட்டார். ஆங்கிலம் ஒன்றையே கேட்கும்படி அதனை அமைத்திருந்தார்கள். தமிழொலியை எழுத்தாக்கும் வசதியைக் கூகுள் 2017இலேயே தந்துவிட்டது. மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று தனித்தனியே பெயர் குறித்தும் வைத்திருக்கிறது. ஆயினும் அந்த வீட்டுப் பெட்டிக்குப் பாட்டியார் பேசியது மொழியாகவே படவில்லை.

குரலால் கதவு திறக்கும் செய்தி தமிழர்க்குப் புதியதன்று. திருமறைக்காட்டுக் கோயிலில் மறைகள் பூசித்து அடைத்த கதவைத் திறக்க நாவுக்கரசர் பாடியதையும், திறந்த கதவை அடைக்கச் சம்பந்தர் பாடியதையும் சேக்கிழார் விரித்துரைக்கிறார். திறப்பதற்கு ஒரு பதிகம் முழுதும் வேண்டியிருந்தது. அடைப்பதற்கோ முதற்பாட்டே போதுமாயிற்று. இந்த வேறுபாடு நாவுக்கரசரை வருத்தியது என்பர்.

அமெரிக்கக் கதவிலும் இதே வேறுபாடு காணப்படுவது வியப்பே. 'அடை' என்றால் பொறி உடனே அடைக்கத் தொடங்கும். 'திற' என்றால் இரகசிய எண் ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்கும். திறந்த கதவால் திருடன் புகுவான், அடைத்த கதவால் அந்த அச்சம் இல்லை என்பது செய்தோர் கணக்கு. அடைப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இறங்கும் கதவின்கீழ்ச் சிக்கிக் குழந்தைகள் இறந்ததனால், 1993 முதல் அந்நாட்டில் செய்யும் புதிய பொறிகளுக்கு, இடையில் ஆள் நிற்பதை அறிந்து கதவை மேலே திருப்பும் காவல் சட்டத்தால் கட்டாயமாயிற்று. ஆளில்லாத இடத்திலிருந்து அடைக்க ஏவினால், ஒலியெழுப்பி விளக்கை மினுக்கிய பின்னரே கதவு இறங்கும். இவை நல்ல ஏற்பாடுகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரகசிய எண் கேட்பதை உற்று நோக்குக. எண் கேட்கும்பொழுதே, குரலை மட்டும் நம்புவதற்கில்லை என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். திருமறைக்காட்டில் தாமதித்தவன் பாடியவர் யாரென்று அறிந்தே தாமதித்தான். இங்கே எண்ணைச் சொல்பவன் யாராயினும் கதவு திறக்கும்.

குரலை உண்மையாகவே அடையாளம் கண்ட கதவு ஒன்றும் நம்மிடம் உண்டு. புகழேந்தியைச் சிறையிட்ட சினத்தால் சோழன் தேவி கதவை அடைத்துக்கொண்டாள். ஊடல் தீர்க்க ஒட்டக்கூத்தர் சென்று பாடினார். பாடியவர் இன்னாரென்று தெரிந்ததும் இன்னொரு தாழும் போட்டாள். ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்று பழமொழியே ஆகிவிட்டது. வரலாறு என்று இதனைக் கொள்வதற்கில்லை. எனினும் கதை கட்டியவனுக்குக் குரல் என்றால் இன்னதென்று தெரிந்திருந்தது. சொல் ஒன்றே, சொன்னவர் யார் என்பதைப் பொறுத்துக் கதவு திறக்கும், அல்லது இன்னும் இறுகும்.

இன்றைய கதவுக்கு நெருங்கிய உறவு அலிபாபா கதையிலுள்ள குகைதான். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப்படத்தின் வாயிலாக நம் மூத்தோர் அனைவரும் அறிந்த கதை. திருடர் தலைவன் சொன்னாலும் ஒளிந்திருந்து கேட்ட அலிபாபா சொன்னாலும் குகைக்கு ஒன்றே. உரக்கச் சொல்லும் இரகசியம் இரகசியமாகாது என்பதே அக்கதையின் அச்சாணி. 2015இல் சாமி காம்கார் என்னும் கணினி ஆய்வாளர், சிறுமியர் விளையாட்டுக் கருவி ஒன்றைத் திருத்தி, மாறாத குறியெண் கொண்ட பழைய கராஜ் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் அந்தக் குகை மந்திரமே. 2019இல் டோக்கியோ, மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே சென்றார்கள். பெட்டியின் ஒலிவாங்கிமீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அவ்வொளியின் ஏற்றத்தாழ்வையே குரலென்று அது கொள்ளுமாறு செய்தார்கள். ஒரு சொல்லும் ஒலிக்காமல், சன்னற் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கட்டளை உள்ளே புகுந்தது. குரலே இல்லாமல் 'குரலுக்குத்' திறந்த கதவை எந்தத் தொடரால் குறிப்பது?

குகைக்குள் அகப்பட்ட காசிம் கதையையும் மறத்தல் ஆகாது. சொல்லை மறந்தான், மாண்டான். 2023இல் அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. சேம்பர்லேன் நிறுவனத்தின் மைக்யூ என்னும் இணைப்பைப் பலர் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்ட வீட்டுக் கணினிகளோடு சேர்த்துப் பயன்படுத்திவந்தனர். தம் அனுமதி பெறாத வழிகள் அனைத்தையும் நிறுவனம் அவ்வாண்டு அடைத்துவிட்டது. ஹோம் அசிஸ்டண்ட் என்னும் மென்பொருள் அவ்வாண்டு டிசம்பர்ப் பதிப்பில் அவ்விணைப்பையே நீக்க வேண்டியதாயிற்று. விலை கொடுத்து வாங்கிய கதவு, சொந்த வீடு, சொல்லும் மறக்கவில்லை. செவிதான் பிறருடையது. சுவர்ப்பொத்தானும் ரிமோட்டும் வழக்கம்போல் வேலை செய்தன என்பது உண்மை. ஆயின் இந்நிகழ்ச்சிக்குப் பிறகு சிலர் நிறுவனத்தின் கணினியையே நாடாமல், பொறியின் கம்பியிலேயே சிறு மின்பலகை ஒன்றைப் பொருத்தி, ஏவல் வீட்டைவிட்டு வெளியே போகாதபடி செய்துகொண்டனர். அவர்களுடைய கதவைக் குரலுக்குத் திறப்பது என்றால் ஓரளவு ஒப்பலாம்.

குரலேவலே வீண் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டா. கை வழங்காதவர்க்கும் நாற்காலியை விட்டு எழ இயலாதவர்க்கும் இது பெரும்பேறு. அவர்களுக்கே, செவி யாருடையது என்பது நம்மினும் முதன்மையான கேள்வி. ஒருநாள் அது கேளாதுபோனால் நாம் எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்துவோம். அவர்கள் என் செய்வர்?

இனிச் சொல்லுக்கு வருவோம். 2014இல் தொடங்கிய சிங்கப்பூர்த் திட்டத்திற்கு 'அறிவார்ந்த தேசம்' என்ற பெயர் வழங்குகிறது. அங்கே அறிவு மக்களுக்கு உரியது என்று பொருள் கொள்ள இடமுண்டு, ஆதலால் குற்றமில்லை. 'அறிவார்ந்த வீடு' என்னுமிடத்து அறிவு யாருடையது? வீட்டில் இருப்பவை ஒரு செவியும் ஒரு மோட்டாரும். அறிவு வெளியூரில் இருக்கிறது. ஆகவே 'ஏவல் வீடு' எனலாம் என்பது என் கருத்து. கதவையும் 'சொல்லேவற் கதவு' என்க. ஏவல் என்றதும் ஏவுவோன் யார், ஏவப்படுவோன் யார் என்று மாணவன் கேட்பான். சொல் சற்றுக் கரடுமுரடாக இருப்பதை அறிவேன். இதனினும் செவ்விய சொல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இப்பகுதிக்கு எழுதுவார்களாக.