மாசு நீக்கமும் மலநீக்கமும்: சொல்லாராய்ச்சி

நிறுத்துதற்பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றைத் தமிழில் தருவோர் தடுத்தல், அடக்கல், ஒழித்தல் என்பவற்றை வேறுபாடின்றி வழங்குகின்றனர். 1895இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட காலந்தொட்டு, சித்தாந்தத்தை அம்மொழியில் எழுதுவோர்க்கும் இவ்விடர் உளது. மலநீக்கத்தைச் சிலர் ‘டிஸ்ட்ரக்ஷன்’ என்பர்; சிலர் ‘ரிமூவல்’ என்பர். இதனால் விளைவது பொருட்குற்றமாம்.

இச்சொற்களின் வேறுபாடு கண்கூடாக விளங்குமிடம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்களாம். தோற்கழிவினாற் பாலாறும் கிணறுகளும் கெட்டன. 1974ஆம் ஆண்டின் நீர்மாசுச் சட்டம் தன் பெயரிலேயே ‘பிரிவென்ஷன்’, ‘கண்ட்ரோல்’ என்னும் இரண்டனையும் உடையது. முன்னது மாசு தோன்றாமற் காத்தல். பின்னது தோன்றியதனை அளவில் அடக்கல். 1988இற் சேர்ந்த 33அ பிரிவோ மேலும் நுணுகிச் செல்லும். ‘குளோஷர்’ ஆலையை மூடுதல்; ‘புரொஹிபிஷன்’ செயலை விலக்குதல்; ‘ரெகுலேஷன்’ செயலை நெறிப்படுத்தல்; ‘ஸ்டாப்பேஜ்’ மின்சாரமும் நீரும் ஆலைக்குச் செல்லாது நிறுத்தல். இவை யாவற்றையும் ‘தடுத்தல்’ என்றே பெயர்ப்பின், தன் வேலை போயிற்றோ, ஒரு செய்முறை மட்டும் விலக்குண்டதோ என்பதைத் தொழிலாளி அறியான்; கிணறு கெட்ட உழவனும் தான் பெற்ற பரிகாரம் யாதென அறியான்.

தமிழ்நாட்டில் 1982இல் அமைந்த வாரியத்தின் பெயரில் அவ்விரு சொற்களும் இருந்தன. 1983இற் பெயர் மாறியபோது ‘பிரிவென்ஷன்’ நீங்கிற்று, ‘கண்ட்ரோல்’ நின்றது. சட்டக்கடமை குறையாதாயினும், மக்கள் நாவில் நிலைத்தது ‘மாசு கட்டுப்பாடு’ ஒன்றே. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம், கேட்டினை முன்னறிந்து தடுத்துக் காரணத்தையே தாக்குதல் வேண்டும் என்றும், மாசு செய்தாரே அதனைச் சீர்செய்யும் செலவினை ஏற்றல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெயரில் விடுபட்ட சொல்லின் பொருள் தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டவாறு காண்க.

ஆலையை மூடின் மாசு தீருமோ எனின், தீராது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமிய உப்பாலை விட்டுச்சென்ற கழிவு இலட்சம் டன்னுக்கு மேற்பட்டது. ஆலை ஓய்ந்த பின்னும் அது நிலத்தடி நீரிற் கசிந்தது. ‘குளோஷர்’ வேறு, ‘ரிமூவல்’ வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஆணவமலத்தை நோக்குவாம். அது செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றியது. தோன்றுதற்கு முன்னான நிலை அதற்கின்மையின் ‘பிரிவென்ஷன்’ பொருந்தாது. உள்ளது இல்லதாகாது என்பது சித்தாந்தமாதலின் ‘டிஸ்ட்ரக்ஷன்’ என்றலும் ஆகாது. ஓரிடத்தினின்றும் எடுத்துப் பிறிதோரிடத்து வைக்கும் பொருளன்மையின் ‘ரிமூவல்’ என்பதும் இழுக்குடைத்து. திருவருளால் நிகழ்வது மலசத்தி மடங்குதலே. சத்தி என்னும் சொல்லை விடாது, அதன் செயலை ‘அரெஸ்ட்’ செய்தல் எனின் ஒருவாறு பொருந்தும்.

அற்றேல், மலம் உளதாக வீடு குறைவுடைத்தாகாதோ எனின், ஆகாது. ஞாயிற்றின் முன் இருள் கண்ணை மறைக்கமாட்டாதவாறு போலத் தன் தொழில் இழந்த மலம் உயிரைப் பிணிக்கமாட்டாது.

ஆகவே நிறுத்தப்படுவது பொருளோ, அதன் சத்தியோ, செயலோ, வரும் வாயிலோ என ஆராய்ந்தே சொல்லைத் தெரிதல் வேண்டும். பாலாற்று மண்ணிற் படிந்தது மாந்தர் செய்தது; இடையில் வந்தது. அதனைத் தடுத்தலும் இயலும், அகற்றுதலும் இயலும். ஆணவத்திற்குரிய அடக்கல் ஒன்றனையே ஆற்றிற்கும் கூறி அமைதல், வந்தேறியை அநாதியென மயங்குதலாம் என்க.