நிலம் பார்த்து அழைப்பவள்

திருகோணமலைக்காரருக்கு நிலத்தின் குணத்தைப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. கன்னியாவுக்கு ஒருமுறை போய் வந்தாலே போதும். ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டினாற்போல் கிடக்கின்றன. இடையில் சில அடி தூரம்தான். சூடு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் வாளியை விட்டு மொண்டு ஊற்றினால் உடம்பு இதமாய் இளகும். அடுத்ததில் மொண்டு ஊற்றினால் ஒரு கணம் துள்ளும். தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி இராவணன் தரையில் ஏழு இடத்தில் குத்தினான், குத்திய இடமெல்லாம் ஊற்றாயிற்று என்பது ஊர்க்கதை. அழைத்தவன் ஒருவன்; வந்த நீர் ஏழு விதம். எந்த இடத்தில் அழைத்தானோ அந்த இடத்தின் இயல்போடு அது வந்தது.

இந்தக் கதையின் சுவையை நாவில் வைத்துக்கொண்டே ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ என்ற கணினி விளையாட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் ஸ்டூடியோஸ் 2017 செப்டெம்பரில் வெளியிட்டது. வாளெடுப்பவர், வில் வளைப்பவர், நெருப்பை ஏவுபவர் என்று எத்தனையோ வகைப் பாத்திரங்களை அதில் வளர்க்கலாம். அத்தனை பேரிலும் என் நெஞ்சைக் கொள்ளைகொண்டவள், துணைக்கு உருக்களை வரவழைக்கும் மந்திரக்காரிதான். சம்மனிங் என்ற அந்த ஒரே கலையில் அவளை நிதானமாக, ஆசை ஆசையாக வளர்த்தெடுப்பதில் உள்ள நயங்களை ஒவ்வொன்றாய் உங்களோடு நின்று பார்க்க விரும்புகிறேன்.

முதல் நயம் அவள் காலடியில் இருக்கிறது. அவளுடைய அடிப்படை மந்திரம் இன்கார்னேட் என்ற உருவை எழுப்புவது. அந்த உருவுக்கென்று பிறவிக் குணம் கிடையாது. எந்தத் தரையில் அழைக்கிறாளோ, அந்தத் தரையின் குணத்தை அது உடுத்திக்கொண்டு எழுகிறது. எரிகிற தரையில் அழைத்தால் செந்தழல் உடம்போடு வரும். தேங்கிய நீரில் அழைத்தால் நீரின் குளிர்ச்சியோடு வரும். சிந்திய எண்ணெயில் மண்ணின் கனம். நஞ்சுக் குட்டையில் நஞ்சின் பச்சை. மின்னல் பாய்ந்த நீரில் மின்னலே எழுந்து நிற்கும். வெறுந்தரையில் அழைத்தால் எந்தப் பூதத்தின் சாயலும் ஏறாத எளிய உரு. சொல்லும் மந்திரம் ஒன்றே, அசையும் கையும் ஒன்றே. அந்தச் சிறு வட்ட நிலம்தான் வருவது யாரென்று முடிவு செய்கிறது. இந்த எளிமையின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

இதன் அருமை தெரிய மற்ற விளையாட்டுகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1990இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டசி 3இலேயே அழைப்பவர்கள் உண்டு. அவர்கள் குரலுக்கு வருகிறவர்களில் பனியை ஏவும் ஷிவா என்பவளும் ஒருத்தி. கோணேசர் மலையின் நிழலில் வாழ்கிறவர்கள் அந்தப் பெயரைத் திரையில் கண்டால் உதட்டோரம் ஒரு புன்னகை அரும்பாமல் இராது. அங்கே வருகிறவர்கள் பெயரோடும் பெருமையோடும் வந்து, தமக்கே உரிய வித்தையைக் காட்டிவிட்டு மறைவார்கள். எங்கே அழைத்தாலும் ஷிவா ஷிவாதான். 2000இல் வந்த டயாப்லோ 2இன் நெக்ரோமான்சர் வேறு வழி பிடித்தான். தரையில் கிடக்கும் இரும்புப் பொருளொன்றையே இரும்புக் கோலெமாக எழுப்புவான். பொருளில் இருந்த மந்திர குணங்கள் அப்படியே கோலெமுக்கும் வந்துவிடும். லாரியனின் மந்திரக்காரி இந்த இரண்டாவது வழியில் இன்னும் ஓரடி எடுத்து வைக்கிறாள். பொருளையும் விட்டுவிட்டு, இடத்தையே கேட்கிறாள்.

இடத்தைக் கேட்கிறவளுக்கு இடத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். விளையாட்டின் நுண்ணிய இன்பம் இங்கேதான் ஊறுகிறது. நெருப்பு நத்தைகளோடு மோதும்போது தழல் உருவை எழுப்பினால் பயனில்லை, நெருப்பு அவற்றுக்கு உணவு. எலும்புடல் கொண்ட இறவா மனிதர்களுக்கு நஞ்சு மருந்தாகும். நஞ்சுருவை அவர்கள்மேல் ஏவினால் பகைவன் காயத்தை நாமே ஆற்றி அனுப்புவோம். அதே நஞ்சு, நம் குழுவில் ஃபேன் என்ற இறவா அறிஞன் இருந்தால் நமக்கே மருந்துமாகும். எதிரே நிற்பவன் யார், அருகே கிடக்கும் பீப்பாயில் என்ன இருக்கிறது, மழையை வரவழைத்தால் எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், அந்த நீரில் மின்னலை இறக்கினால் யார் கால் நனையும்? சண்டை தொடங்குமுன்னே அவள் கண் இத்தனையையும் தொட்டு மீள்கிறது. வாளின் வேகத்தில் ஓர் அழகு உண்டு என்றால், இந்தப் பார்வையின் பொறுமையில் அதைவிட மென்மையான ஓர் அழகு உண்டு.

நிலம் தராதபோது என்ன செய்வது? இங்கே எல்ஃப் குலத்தில் பிறந்த மந்திரக்காரிக்கு மட்டும் வாய்த்த ஒரு கலையைப் பாருங்கள். அவள் தன் தசையையே அரிந்து தியாகம் செய்வாள். அவள் காலடியில் இரத்தம் தேங்கும். உடல் வலு சற்றுக் குறையும், ஆனால் அந்தச் சுற்றில் ஒரு செயற்புள்ளி கூடக் கிடைக்கும். அந்தச் சூடான சிவந்த வட்டத்திலேயே அவள் உருவை அழைப்பாள். குருதியின் குணத்தோடு அது எழுந்து வரும். பாழுந்தரையில் தன்னையே நிலமாக்கிக்கொள்ளும் இந்தத் துணிவைக் காணும்போது, சுவாமி மலையில் இராவணன் வெட்டைக் காட்டிக் கதை சொல்லும் நம் ஊருக்கு இன்னொரு கதை நினைவில் எழாமல் இருக்குமா? கயிலையின் அடியில் நசுங்கிக் கிடந்தவன் தன் தலையொன்றைக் கொய்து, கையைத் தண்டாக்கி, நரம்பை உருவித் தந்தியாக்கி, வீணை மீட்டிச் சிவனை இரங்க வைத்தான். கருவி இல்லாத இடத்தில் உடம்பே கருவியாயிற்று. கென்ட் நகரத்துக் கலைஞர்கள் இக்கதையைக் கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அழைப்பு என்ற செயலின் ஆழத்துக்கு இறங்கிய எவருக்கும் இந்த எண்ணம் தட்டுப்படும் போலும்.

உரு எழுந்துவிட்டது. இனி அதற்கு ஏற்றங்கள். பவர் இன்ஃபியூஷன் கொடுத்தால் கவசம் தடித்து, எதிரியை நெருங்கி நின்று அறையும் வலு வரும். ஃபார்சைட் இன்ஃபியூஷன் கொடுத்தால் தொலைவில் நின்றே தாக்கும் திறன் சேரும். ஷேடோ இன்ஃபியூஷன் கொடுத்தால் பார்வைக்குத் தப்பி மறையும். ஒன்றன்மேல் ஒன்றாகவும் இவற்றைச் சாத்தலாம். கோயிலில் ஒரே மூர்த்திக்கு ஒரு நாள் வெண்சாத்து, மறுநாள் பச்சைச் சாத்து என்று அலங்காரம் மாற, அதே முகம் நமக்கு வேறு வேறு தரிசனம் தருவதைக் கண்டிருக்கிறோம். அந்தக் கை நேர்த்தியை இங்கேயும் காண்கிறேன். நின்ற உரு ஒன்றுதான். சாத்தும் வரிசையிலும் தேர்விலும் அதன் நடையே மாறிப்போகிறது.

இன்னும் சில ஏற்றங்கள் கிடைக்கும் விதமும் இனிமையானது. அவற்றைக் கடையில் விலை கொடுத்து வாங்கி முடித்துவிட முடியாது. சம்மனிங் கலை நூல் ஒன்றையும் பூதக் கலை நூல் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் இணைத்துப் புதுநூல் ஒன்று செய்ய வேண்டும். நெருப்புக் கலை நூலோடு சேர்த்தால் நெருப்பேற்றம், நீர்க்கலை நூலோடு சேர்த்தால் நீரேற்றம், காற்றுக் கலையோடு மின்னேற்றம், மண் கலையோடு நஞ்சேற்றம். நிலம் கைவிட்டாலும் உருவின் பூதத்தையே மாற்றித் தரும் வல்லமை இவற்றுக்கு உண்டு. இரு நூல்களைப் படித்தவளுக்கு மூன்றாவது ஒன்று தானே பிறக்கிறது. கல்வியின் மேல் இந்த விளையாட்டு வைத்திருக்கும் அன்பு இந்தச் சிறு ஏற்பாட்டில் எவ்வளவு அழகாகத் தெரிகிறது!

அவளை வளர்க்கும் கணக்கிலும் ஒரு நளினம் இருக்கிறது. நெருப்பையோ பனியையோ ஏவும் மந்திரக்காரர்கள் புத்திக் கூர்மையில் புள்ளிகளைக் கொட்டியே ஆக வேண்டும். அவர்கள் அடியின் பலம் அதில்தான் இருக்கிறது. இவள் அழைக்கும் உருக்களின் பலம் இரண்டே காரணங்களால் கூடுகிறது: அவள் அடைந்த லெவல், சம்மனிங்கில் அவள் இட்ட புள்ளி. ஆகவே குணங்களுக்கான புள்ளிகள் அவள் கையில் தடையின்றி மிஞ்சும். கூடுதல் மந்திரங்களை நினைவில் தாங்க நினைவாற்றலுக்குக் கொடுக்கலாம்; முந்திக்கொண்டு முறை பெறவும் மறைந்திருப்பதைக் காணவும் கூர்மதிக்குக் கொடுக்கலாம். சுற்றுக்கு 4 செயற்புள்ளிகள்; அழைப்புக்கும் ஏற்றத்துக்கும் ஆகும் செலவு சொற்பம். மிச்சத்தில் எலிமெண்டல் டோட்டம் ஒன்றை நட்டுவிடலாம். அதுவும் நட்ட தரையின் பூதத்தையே ஏற்று, நின்ற இடத்திலிருந்து எய்துகொண்டிருக்கும். இவள் கை ஓய்ந்தபின் உருவின் முறை வரும். ஒரே மனத்தின் எண்ணத்தை இரண்டு உடல்கள் அடுத்தடுத்துச் செய்து முடிப்பதைப் பார்க்கக் கண் குளிரும்.

நூலிலும் புள்ளியிலும் அடங்காத ஒரு துணையும் உண்டு. கதையின் தொடக்கத்தில் நம்மைக் கழுத்துப்பட்டி மாட்டிக் கப்பலில் ஏற்றி, கடலோரத்து ஃபோர்ட் ஜாய் கோட்டைக்குக் கைதிகளாகக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு கறுப்புப் பூனை நம் பின்னால் வரத் தொடங்கும். எந்தப் பணியும் தராது, எந்தப் பரிசும் வாக்களிக்காது, வரும், அவ்வளவுதான். காவல் நிற்பவர்களின் அம்புக்கு அது இரையாகிவிடலாம். அதை உயிரோடு காத்துக் கோட்டைக்கு வெளியே கூட்டிவந்தவருக்கு மட்டும், அந்தப் பூனையையே வேண்டியபோது அழைக்கும் மந்திரம் வசமாகும். போர்க்களத்தில் அது நம்மோடு இடம் மாற்றிக்கொள்ளவும் செய்யும்: அது பதுங்கிப் போய்ச் சேர்ந்த மூலையில் நாம், நாம் நின்ற இடத்தில் அது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து எழுப்பிய நம் கோட்டைக்குள் இன்று புள்ளிமான்கள் ஆள் பயமின்றி உலவுகின்றன. கோட்டை என்றால் பீரங்கியோடு மானையும் சேர்த்தே நினைக்கிற ஊர்க்காரர்களுக்கு, அந்தப் பூனைக்காகப் பத்து நிமிடம் சுற்றுவழியில் நடப்பது சிரமமாகவே தோன்றாது. மற்ற உருக்களை அவள் கல்வியால் அடைகிறாள்; இதைப் பரிவால் அடைகிறாள்.

பிறகு வருகிறது பத்தாம் படி. லெவலுக்கு ஒன்றாகக் கிடைக்கும் போர்ப்புள்ளியைச் சிதறவிடாமல் சம்மனிங்கிலேயே இட்டு, கலையைக் கூட்டும் மோதிரமும் கழுத்தணியும் தேடி அணிந்து வந்தால், 10ஐத் தொடும் நேரத்தில் இன்கார்னேட் சாம்பியனாகிறது. அதுவரை வந்ததைவிடப் பெரிய, தடித்த, கம்பீரமான உடல். ஒவ்வொரு புள்ளிக்கும் உருவின் உயிரும் கவசமும் அடியும் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே வந்தது உண்மைதான். எண்ணில் வந்த அந்த வளர்ச்சி சட்டென்று வடிவத்தில் தெரிவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அந்தப் பெரிய உருவும் 10 சுற்றுகளே நிற்கும், அதன்பின் கரையும். மறுபடி அழைக்கும்போது நிலம் மாறியிருந்தால் அதுவும் மாறியே எழும். உச்சத்தை எட்டிய பிறகும் தரையைக் கேட்காமல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. கலைஞர்கள் அவளுக்கு வைத்த இந்த அடக்கத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

ரிவெல்லன் என்ற அந்த உலகத்தில் எண்ணெய்ப் பீப்பாயும் மழைக்குட்டையும் இரத்தக் கறையும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் கிடக்கின்றன. வாள்வீரனுக்கு அவை தாண்டிப் போக வேண்டிய இடைஞ்சல். அழைப்பவளுக்கு ஒவ்வொன்றும் கைமுதல். அவளை வளர்க்க வளர்க்க, கடந்து போன பாதையில் எங்கே ஈரம் இருந்தது, எங்கே எண்ணெய் மினுங்கியது என்று நம் கண்ணும் குறித்துவைக்கப் பழகிவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: எல்ஃப் குலப் பெண்ணைத் தேர்ந்தெடுங்கள், புள்ளிகளைச் சம்மனிங்கில் சேருங்கள், அந்தக் கறுப்புப் பூனையைக் காவலர்களின் அம்புக்குத் தப்புவித்து அழைத்து வாருங்கள். முதல் உருவை அவளுடைய சொந்தக் குருதியில் எழுப்புங்கள். இரண்டாவதை எங்கே எழுப்புவது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது. அதற்குள் உங்கள் கண் தானாகவே தரைக்குப் போயிருக்கும்.