சுப்பர்மேன் திருப்பாத ஒரு மரணம்

போன டிசம்பர் விடுமுறையில், பதினொரு வயது மகனோடு 1978ஆம் ஆண்டின் 'சுப்பர்மேன்' படத்தை மறுபடியும் பார்த்தேன். ரிச்சர்ட் டொனர் இயக்கி, கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படம். நான் அதை முதன்முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், அம்பாறைக் கரையோரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில். பெருநாளைக்கு மறுநாள் வாப்பா ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார். தியேட்டர் வாசலே காணாத பொம்புளப் புள்ளைகள் எல்லாரும் முன்பாயில். ஆங்கிலம் யாருக்கும் விளங்காது. மாமாட மகன் ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொன்னார். அதில் பாதி அவருடைய சொந்தக் கற்பனை என்பது இப்போதுதான் தெரிகிறது.

எங்களுக்குப் படம் என்றால் அவன் பறப்பது. சிவப்புச் சால்வையும் நீல உடுப்புமாக ரீவ் திரைக்கு வர ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் ஆகிறது. அதுவரைக்கும் கிறிப்டன் கிரகம், ஸ்மோல்வில் கிராமம், கதிர் விளைந்த வயல், வயதான ஒரு புருஷனும் பொஞ்சாதியும். "இத ஓட்டுங்க காக்கா" என்று கத்துவோம். அவரும் ஓட்டுவார். ஆகவே நான் இத்தனை காலமும் பிடித்த படம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது, மூன்றிலொரு பங்கு பாராத ஒரு படத்தை.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது. அதில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கு. அந்த முற்றத்தில் எங்களுக்கு இருந்தது முழுக்க முழுக்க மருட்கைதான். ஹெலிகொப்டரில் இருந்து விழுந்த லொயிஸ் லேனை ஒரு கையாலும், அவளுக்குப் பின்னால் விழுந்த ஹெலிகொப்டரை மறு கையாலும் அவன் பிடிக்கும்போது வாய் பிளந்தோம். இப்போது பார்க்கையில் அந்தக் காட்சி சிரிப்பைத்தான் தருகிறது, அதுவும் நல்ல சிரிப்பு. ஆனால் இந்த முறை என்னை இருத்தி வைத்தது, அன்றைக்கு ஓட்டிவிட்ட பகுதி.

க்ளென் ஃபோர்ட் நடித்த ஜொனதன் கென்ற் படத்தில் வருவது சில நிமிடங்கள் மட்டுமே. வளர்ப்பு மகன் கிளார்க், தன் பலத்தைக் காட்டமுடியாத புழுக்கத்தில் இருக்கிறான். தகப்பன் அவன் தோளைத் தொட்டு, நீ இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பந்து விளையாட்டில் வெல்வதற்காக அல்ல என்ற கருத்தில் பேசுகிறார். பிறகு இருவரும் விளையாட்டாக ஓடத் தொடங்குகிறார்கள். மகன் முன்னால் போய்விடுகிறான். தகப்பன் நிற்கிறார். கையைப் பிடிக்கிறார். விழுகிறார். கெமராவை டொனர் தூரத்திலேயே வைத்திருக்கிறார். அடக்கம் செய்யும் இடத்தில் கிளார்க் சொல்வது இவ்வளவுதான்: இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற என்னால் முடியவில்லையே.

நான் பேராதனையில் தமிழ் சிறப்புக் கற்கையின் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது வாப்பா மௌத்தானார். அவருக்கும் நெஞ்சுவலிதான், முற்றத்தில்தான். செய்தி விடுதிக்கு வந்து, நான் பஸ் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி ஊர் சேரும்போது ஜனாஸா அடக்கி முடிந்திருந்தது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் மறந்து, அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது. அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் இழவு ஒன்று என்று வருடக்கணக்காக வகுப்பில் சொல்லி வருகிறேன். சொல்லிக் கொடுப்பது வேறு.

இதை என் சொந்தக் கதைக்காக மட்டும் எழுதவில்லை. படத்தின் அத்திவாரமே இந்தக் காட்சிதான் என்பது என் கருத்து. ஒரு குழந்தையை இரண்டு தகப்பன்மார் வளர்க்கிறார்கள். மார்லன் பிராண்டோ நடித்த ஜோர்-எல், விண்ணிலிருந்து தன் ஒரே மகனை மனிதருக்காக அனுப்புகிறவர். இங்கே கிறிஸ்தவச் சாயல் மறைவாக இல்லை, படம் அதை வேண்டுமென்றே பூசுகிறது. நமது வாசகர் சிலருக்கு அது நெருடலாம். ஆனால் ஜோர்-எல் தருவது அறிவும் ஒரு தடையும் மட்டுமே: மனித வரலாற்றில் தலையிடாதே. சுப்பர்மேனை மனிதனாக்குவது மண்ணில் கால் பதித்த கமக்காரரான மற்றத் தகப்பன். தன் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தன் மௌத்தால் காட்டிக் கொடுப்பவர் அவர்.

ரீவின் நடிப்பும் அந்த எல்லையின்மீது நிற்கிறது. லொயிஸின் வீட்டில் ஒரு காட்சி. அவள் உள்ளே இருக்கும்போது கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். மறுகணம் தைரியம் போய், மீண்டும் கூனிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறான். தந்திரக் காட்சி எதுவும் இல்லை, ஓர் உடம்பு மட்டும்தான். சிறுவயதில் இது என் கண்ணிலேயே படவில்லை. இன்றைக்குப் படத்தின் பெரிய அதிசயம் எனக்கு இதுதான்.

இனி வில்லனுக்கு வருவோம். ஜீன் ஹக்மனின் லெக்ஸ் லூதரை அன்று கோமாளி என்று நினைத்தோம். அவன் திட்டம் உண்மையில் ஒரு காணி வியாபாரம். கலிபோர்னியாவின் பாலைவனத்தை மலிவாக வாங்கிப் போடுகிறான். சான் அன்ட்ரியாஸ் நிலப்பிளவின்மீது அணு ஏவுகணையைப் போட்டால் கரையோரம் கடலில் மூழ்கும். அவன் பாலைவனம் புதுக் கரையோரமாகும், விலை ஏறும். மற்றவரின் அழிவில் தன் காணிக்கு விலை கூட்டுகிறவனை நாற்பது வயது கடந்தபின் கோமாளியாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு ஏவுகணைகள். ஒன்று கலிபோர்னியாவுக்கு, மற்றது நியூஜேர்சியின் ஹக்கன்சக் நகரத்துக்கு. லூதரின் கூட்டாளிப் பெண்ணின் தாய் அங்கேதான் இருக்கிறாள். கிறிப்டனைட் கல்லால் செயலிழந்து தண்ணீரில் கிடக்கும் சுப்பர்மேனை அவள் காப்பாற்றுகிறாள், ஒரு வாக்கை வாங்கிக்கொண்டு: என் தாயின் ஊருக்குப் போவதை முதலில் தடு. அவன் வாக்குக் கொடுக்கிறான், காப்பாற்றுகிறான். அதனால் மற்ற ஏவுகணைக்குப் பிந்துகிறான். பூமி பிளக்கிறது. பஸ், ரயில், அணைக்கட்டு என்று ஒவ்வொன்றாக ஓடி ஓடிப் பார்க்கிறான். கடைசியில் வரும்போது லொயிஸ் காருக்குள் மண்ணில் மூடுண்டு இறந்து கிடக்கிறாள்.

எவ்வளவு பெரிய இடம் இது! எதிரியின் கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, அவளுடைய தாயைக் காத்து, அதற்கு விலையாகத் தன் நேசத்தை இழக்கிறான். துன்பியல் என்று நாம் படிப்பிப்பது இதைத்தான். அவளைக் கிடத்திவிட்டு ரீவ் வானத்தைப் பார்த்துக் கத்தும் கத்தல், ஸ்மோல்வில் வயலில் அடக்கி வைத்த கத்தல்.

அங்கேதான் படம் தன்னையே கைவிடுகிறது. அவன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறான். பூமி மறுபக்கம் சுழல்கிறது, காலம் பின்னோக்கிப் போகிறது, லொயிஸ் பிழைக்கிறாள். காலத்தைத் தாண்டி அவன் போவதன் காட்சிதான் இது, பூமி உண்மையில் திரும்பவில்லை என்று விளக்குவோர் உண்டு. இருக்கட்டும். என் குறை விஞ்ஞானம் பற்றியது அல்ல. வாக்குக்கு அவன் கொடுத்த விலை இல்லாமல் போகிறது. எல்லை இல்லாமல் போகிறது. இந்த முடிவு முதலில் இரண்டாம் பாகத்துக்கென்று யோசிக்கப்பட்டு, பிறகு முதற் பாகத்துக்கு மாற்றப்பட்டது. ஒட்டுப்போட்ட தையல் தெரியத்தான் செய்கிறது.

இன்னொன்று. பூமி நடுங்கி அணை உடைந்த ஒரு நாளில் அவன் திருப்புவது ஒருத்திக்காக. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையோரத்து ஆள் ஒருவர் இதை எப்படிப் பார்ப்பார்? ஒரு பத்து நிமிசம் திரும்பினால் போதும் என்று நம்மில் கேட்காதவர் யார்? அந்தக் கேள்வி ஊரில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் பறந்து எழும்போது இரண்டு தகப்பன்மாரின் குரலும் கேட்கின்றன. ஒருவர் தடுக்கிறார், மற்றவர் நீ வந்ததற்குக் காரணம் உண்டு என்கிறார். அவன் மண்ணின் தகப்பன் பக்கம் போகிறான். ஆசை புரிகிறது. ஆனால் அந்தத் தகப்பன் வாழ்ந்து காட்டியது காலத்தைத் திருப்பும் வழியை அல்ல, இருக்கும் நேரத்தில் பிள்ளையின் தோளைத் தொடுவதை.

படம் முடிந்ததும் மகன் கேட்டான்: "அப்ப ஏன் உம்மா, அவன்ட வாப்பா மௌத்தானப்போ இப்பிடிச் சுத்தல்ல?"

விமர்சகர் எவரும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. "அப்ப அவனுக்குத் தெரியாது மகன்" என்று சமாளித்தேன். அவன் நம்பவில்லை. அவன் கேட்டதற்குப் படத்திலும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

படம் பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு பறப்பதற்காகப் பிடித்தது, இப்போது விழும் ஒரு மனிதருக்காகப் பிடிக்கிறது. அடுத்த நாள் மகன் மறுபடியும் போடச் சொன்னான். வயல் காட்சி வந்ததும் கை ரிமோட்டுக்குப் போனது. "ஓட்டாத, மகன்" என்றேன். டெக் எடுத்து வந்த ஒரு மனிதரைப் பற்றி அவனுக்குச் சொல்ல எனக்கு அந்தச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன.