எதிரில் யார் நின்றார்கள்?

இந்திய மகளிர் கால்பந்து லீக் தொடங்கினாலே ரசிகர்களிடையே ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சேது எஃப்சி எந்த ஆண்டில் எத்தனை கோல் போட்டது, எந்த ஆண்டின் அணி ஆகச் சிறந்தது என்று கூட்டல் கணக்கை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 2019 அணியா, 2022 அணியா, அதற்குப் பின் வந்ததா? யாராவது மறுத்துப் பேசினால் ஒரே பதில்தான்: "கோல் பொய் சொல்லாது."

பட்டியல் போடுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே சேது பொறியியல் கல்லூரியின் நிழலில் 2016இல் உருவான அணி இது. மூன்றே ஆண்டுகளில், 2019 மே மாதம், லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று லீக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆட்டங்களுக்குப் பத்திரிகைகள் ஒதுக்கிய இடம் சொற்பம். பாஸ் எத்தனை, தடுப்பு எத்தனை என்று குறித்து வைத்தவர் அநேகமாக இல்லை. எஞ்சியது கோல் கணக்கு மட்டும்தான். அதையும் எண்ணாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை.

என் ஆட்சேபம் ஒன்றுதான், பழையதும்கூட: இந்தப் பட்டியலில் எதிரணிக்கு இடமே இல்லை.

2022 லீக்கை எடுத்துக்கொள்வோம். புவனேஸ்வரில் பன்னிரண்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 11 ஆட்டங்கள். நாட்டின் முதல்தர வீராங்கனைகள் நிறைந்த அணியும், பயிற்சிக்கு மைதானம் கிடைக்கவே திண்டாடும் அணியும் ஒரே அட்டவணையில். கோகுலம் கேரளா ஒடிசா போலீஸை 12–0 என்று வென்றது அந்தத் தொடரில்தான். சேதுவும் வரிசையாகப் பத்து ஆட்டங்களை வென்றது. பத்தும் வென்ற இன்னோர் அணியான கோகுலத்தை மே 26 அன்று கடைசி ஆட்டத்தில் சந்தித்தபோது சேது போட்டது ஒரு கோல், வாங்கியது மூன்று. அந்த ஆண்டு அணியின் உண்மையான உயரம் என்ன என்று கேட்டால் அந்தத் தொண்ணூறு நிமிடத்தைத்தான் காட்டுவேன். பட்டியலிலோ அன்று விழுந்த ஒற்றைக் கோலுக்கும், தடுக்க ஆளில்லாத அணியின் வலைக்குள் போன ஏழாவது கோலுக்கும் ஒரே எடை.

2023-24இல் ஏழே அணிகள். உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டங்கள். லீக்கின் அடிமட்டம் உயர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட லீக்கில் ஓர் அணியின் கோல் குறைந்தால் போட்டி கடினமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பட்டியல்காரர்களோ அணி சரிந்துவிட்டது என்று படிக்கிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் பல்லாண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த மாவட்டம்; 2023இலும் 97.85 விழுக்காட்டோடு முதலிடம். அந்த விழுக்காட்டைப் பற்றியும் ஆயிரம் கேள்விகள் கேட்கலாம். ஆனால் அங்கே ஓர் ஆண்டுக்கு எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கேள்வித்தாள்; எழுதியவர் எத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. கோல் பட்டியலிலோ ஆளுக்கொரு கேள்வித்தாள், மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்க்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இந்தப் பித்தை நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1916இல் ஜார்ஜியா டெக், கம்பர்லேண்ட் கல்லூரியை 222–0 என்று நசுக்கியது. கம்பர்லேண்ட் தன் அணியைக் கலைத்துவிட்டிருந்தது. அபராதத்துக்குப் பயந்து அவசரத்தில் ஆள் சேர்த்து அனுப்பியது. புள்ளிகளைக் கூட்டி அணிகளைத் தரம் பிரித்த பத்திரிகையாளர்களின் முட்டாள்தனத்தைக் காட்டுவதும் தன் நோக்கம் என்றார் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். பாடம் பலிக்கவில்லை, 222 மட்டும் சாதனையாக நின்றுவிட்டது.

நம் பக்கத்துச் சான்று இதைவிட வலுவானது. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018இல் வென்றபோது இறுதி ஆட்டத்தில் மணிப்பூருக்கு எதிராக 2–1. 2023இல் ஹரியானாவுக்கு எதிராக மீண்டும் 2–1. மாநிலத்தின் மகளிர் கால்பந்து வரலாற்றில் இவற்றைவிடக் கனமான வெற்றிகள் எனக்குத் தெரியாது. கோல் பட்டியலில் இரண்டும் சேர்ந்து நான்கு. ஏதோ ஒரு பலவீனமான அணியைப் பந்தாடிய ஒரு மாலைப்பொழுது இவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதையெல்லாம் வெறும் ரசனைத் தகராறு என்று ஒதுக்க முடியாது. பட்டியல் பழகிய கண் முன்கள வீராங்கனையை மட்டுமே பார்க்கும். ஐந்து கோல் போட்டவர் பெயர் ஊருக்கே தெரியும். இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கோலோடு எதிரணியை நிறுத்திய தடுப்பாட்டக்காரரும் கோல்கீப்பரும் யார் என்று எவருக்கும் தெரியாது. சின்ன அணிகள் அடிவாங்குவதைக் கொண்டாடப் பழகியவர்கள் அந்த அணிகளுக்கு நிதி எங்கே, மைதானம் எங்கே என்று கேட்கப்போவதில்லை. வீராங்கனைகளைவிட எண்களை நேசிக்கிறவர்களின் விளையாட்டு இது என்றுகூடச் சொல்வேன். கடுமையாகப் பட்டால் படட்டும்.

காலங்களை ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் எளிய வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதல் நான்கு இடத்துக்குள் வந்த மற்ற அணிகளோடு சேது ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட கோலையும் வாங்கிய கோலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கும், பகிர்ந்து மகிழ அதில் பெரிய எண் எதுவும் மிஞ்சாது. ஆனால் எந்த ஆண்டின் அணி சிறந்தது என்ற கேள்விக்கு அப்போதுதான் அது பதிலாகும்.