சோற்றுலையா, கொல்லனுலையா?

'அணு உலை' என்றதும் மாணவர் மனத்தில் எழுவது சோற்றுலையே. அது எங்கும் பொருந்துமா? அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு என்னுமிடத்துப் 'பி' உலை 1944 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. 2015இல் தேசிய வரலாற்றுப் பூங்காவில் சேர்க்கப்பட்டது. பொதுமக்களும் உட்சென்று கண்டுள்ளனர். அதன் வெப்பம் பயன்படவில்லை. கொலம்பியா ஆற்று நீரே அதைக் கொண்டு போயிற்று. வேண்டப்பட்டது புளுட்டோனியம், 1945 ஆகஸ்டு 9இல் நாகசாக்கியை அழித்த குண்டுக்கு அதுவே கரு. ஆகவே அது சோற்றுலையன்று. படைக்கலம் வடித்த கொல்லனுலை. இரண்டுக்கும் இடந்தருவது நம் சொல்லின் சிறப்பு.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள், போர் முடிந்தமையால் உயிர்மீண்டோரும் உண்டு. கோலசிலாங்கூர் ஆசிரியர் அம்மீட்சியைச் சொல்லட்டும். நாகசாக்கியின் சாம்பலையும் மறையாது சொல்லட்டும்.