நன்றியுரையில் விடுபட்டவை

முனைவர் பட்ட ஆய்வேட்டில் யாரும் திருத்தாத பக்கம் நன்றியுரை. இயல் பகுப்பை நெறியாளர் நான்கு முறை மாற்றச் சொல்வார். அடிக்குறிப்பில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையில் வட்டமிடுவார். நன்றியுரைக்கு வந்தால் தன் பெயரும் பட்டங்களும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளிவிடுவார். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேள்வி வருவதில்லை. ஆனால் ஆய்வேட்டுக்குள் வீடு நுழைகிற ஒரே இடம் அதுதான். அந்த ஆய்வை எழுதி முடிக்க யார் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு மிஞ்சும் ஒரே சாட்சியமும் அதுதான்.

என் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், மாதிரி பார்ப்பதற்காகத் துறை நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடுகளின் நன்றியுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிகளையொட்டி ஆய்வேடுகள் மின்வடிவில் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. குழந்தை தூங்கிய பிறகு கைப்பேசியிலேயே திறந்து படிக்கலாம். நான் வாசித்த அளவில், தமிழானாலும் தாவரவியலானாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இறைவன். அடுத்து நெறியாளர், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர், செயலர். பிறகு நூலகர்கள். அதன்பின் தட்டச்சும் பைண்டிங்கும் செய்து கொடுத்த கணினி நிலையம், ஊர்ப் பெயரோடு. கடைசியில் குடும்பம்.

அந்தக் கடைசிப் பத்தியில்தான் ஆண் எழுதியதும் பெண் எழுதியதும் பிரிகின்றன. ஆண் ஆய்வாளர் மனைவிக்கு நன்றி சொல்லும்போது பெரும்பாலும் அவருடைய பொறுமைக்குச் சொல்கிறார். பெண் ஆய்வாளர் கணவருக்கு நன்றி சொல்லும்போது படிக்க ‘அனுமதித்ததற்கு’ச் சொல்கிறார். முதுகலை முடித்து, தகுதித் தேர்வு எழுதி, நேர்காணலில் தேறிப் பதிவு பெற்ற ஒரு பெண்ணின் படிப்புக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை அந்த ஒரு சொல் ஒப்புக்கொள்கிறது. என் வரைவிலும் அந்தச் சொல் இருந்தது. யாரும் எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியிருந்தது. அச்செடுத்துப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. 2017இல் அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் ஹோல்சிங்கர், ஆண் அறிஞர்கள் தங்கள் நூல்களின் நன்றியுரைகளில் தட்டச்சு செய்த மனைவிமாருக்குச் சொன்ன நன்றிகளைத் தொகுத்து வெளியிட்டபோது உலகமே சிரித்தது. கையெழுத்துப் பிரதியைப் படியெடுத்து, தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்த பெண்களில் பலருக்கு அந்தப் பக்கங்களில் பெயர்கூட இல்லை. ‘என் மனைவி’ என்பதோடு முடிந்தது. நம் ஆய்வாளர்கள் தட்டச்சைக் கணினி நிலையத்தில் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் நாம் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். தட்டச்சு வெளியே போயிருக்கிறது. சோறும் குளியலும் தூக்கமும் காய்ச்சலும் வீட்டில்தான் இருக்கின்றன.

குழந்தையைப் பற்றிய வரிகளை வாசித்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. தந்தையான ஆய்வாளரின் நன்றியுரையில் குழந்தை களைப்பைப் போக்கிய மழலையாக வருகிறது. தாயான ஆய்வாளரின் நன்றியுரையில் குழந்தைக்கு நன்றி இல்லை, மன்னிப்பு இருக்கிறது. உன்னோடு இருக்க வேண்டிய நேரத்தை இதற்குக் கொடுத்துவிட்டேன் என்கிற பொருளில் ஒரு வாக்கியம், சில சமயம் ஒரு முழுப் பத்தி. நூற்றுக்கணக்கான பக்கங்களில் சான்று காட்டி வாதாடிய ஒருத்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத ஒருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிக்கிறாள்.

என்ன குற்றம்? என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது ஆய்வில் சேர்ந்தேன். ஓட ஆரம்பித்த வயது. கதவு திறந்திருந்தால் தெருவில் இருப்பாள், திறந்திராவிட்டால் வாளித் தண்ணீரில் இருப்பாள். ஒரு பத்தி எழுத ஒரு மணி நேரம் தேவையென்றால், அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஐந்து துண்டுகளாகக் கிடைக்கும். நான்காவது துண்டில் முதல் துண்டின் வாதம் மறந்துபோயிருக்கும். அரையாண்டு ஆய்வுக் குழுக் கூட்டத்தன்று அவளுக்கு 102 டிகிரி காய்ச்சல். குழுவில் ஒருவர், வீட்டுப் பொறுப்புகள் முடிந்த பிறகு இதையெல்லாம் எடுத்திருக்கலாமே என்றார். வீட்டுப் பொறுப்பு முடிகிற வயது எது என்று நான் கேட்கவில்லை. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டு நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். சமையலும் துவைப்பும் இந்தக் கணக்கில் வராது. அது தனிக் கணக்கு.

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1975இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் குழுவினருக்கான பதில் இருக்கிறது. பல்கலைக்கழகப் பணி வாழ்வின் கடிகாரம், வீட்டில் மனைவி இருக்கிற ஆணுக்காக முடுக்கப்பட்டது என்பது அவர் வாதம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஓடி ஓடி எழுதியாக வேண்டும் என்கிற விதி, குழந்தை பெறும் வயதுக்கு மேலேயே போய் விழுகிறது. பெர்க்லியில் ஆசிரியராக இருந்தபோது கைக்குழந்தையை அலுவலக அறைக்குக் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் தூங்க வைத்துவிட்டு மாணவர்களைச் சந்தித்ததை ‘இரண்டாம் பணிநேரம்’ நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார். அது 1989இல் வந்த நூல். அவருக்குத் தனி அறை இருந்தது, சம்பளம் இருந்தது. நம் ஆய்வு மாணவிக்கு எத்தனையோ துறைகளில் ஒரு மேசைகூட இல்லை.

பெண்கள் ஆய்வுக்கு வருவதில்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2.13 லட்சம் பேர். அதில் பெண்கள் சுமார் 99 ஆயிரம். வந்தவர்களுக்கு நிறுவனம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு இரண்டுக்கும் சேர்த்து ஆய்வுக்காலம் முழுவதற்கும் 240 நாள் விடுப்புத் தருகின்றன. 2022 விதிகளும் அதைத் தொடர்கின்றன. கூடுதலாக இரண்டு ஆண்டுக் கால நீட்டிப்பும் உண்டு. போராடிப் பெற்றவை இவை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூடுதல் இரண்டு ஆண்டு என்பது என்ன? உதவித்தொகை முடிந்த பிறகு, கட்டணம் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு ஆண்டு அதே சமையலறையில் அதே இயலை எழுதலாம் என்பது. நிறுவனத்திடம் செலவில்லாமல் கொடுக்கக்கூடியது நேரம் ஒன்றுதான், அதைக் கொடுத்திருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆய்வு மாணவி ஊழியர் அல்ல என்பதால் அந்த எண்ணிக்கையில் அவள் வருவதில்லை.

தமிழ்த்துறைகளுக்கு இதில் ஒரு தனி முரண் இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். செங்கீரை ஆடுவதும் சப்பாணி கொட்டுவதும் தளர்நடையிட்டு வருவதும் எந்தெந்த மாதம் என்று தேர்வில் எழுதுவோம். பெரியாழ்வார் தாயின் குரலை எடுத்துக்கொண்டு பாடிய அழகைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்துவோம். அந்தக் கருத்தரங்க அறைக்குள் ஒரு வருகைப் பருவம் நிஜமாகவே நடந்து வந்துவிட்டால், யார் வீட்டுப் பிள்ளை, வெளியே கூட்டிப் போங்கள் என்போம்.

ஆகவே அந்த மன்னிப்பு முகவரி மாறிப் போயிருக்கிறது என்பதே என் வாசிப்பு. காப்பகம் கட்டாத பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், செயலருக்கும் முதல்வருக்கும் நன்றி சொல்லப்படுகிறது. பாதி வேலையைப் பகிராத வீட்டின் சார்பில், குழந்தையிடம் தாய் மன்னிப்புக் கேட்கிறாள். கொடுக்கப்படாத ஒன்று இருக்கும் இடமெல்லாம் நன்றியோ மன்னிப்போ வந்து அதை மூடிவிடுகிறது.

இங்கே நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் நான் வாசித்த நன்றியுரைகளில் அநேகமாக எதிலும் இல்லாத ஒருவர் இருக்கிறார். அம்மாக்களும் மாமியார்களும் ஒரு வரியாவது பெற்றுவிடுகிறார்கள். கணினி நிலையம் பெறுகிறது. பகல் முழுவதும் குழந்தையை வைத்திருந்த ஆயா பெறுவதில்லை. என் ஆய்வேட்டிலும் இல்லை. மூன்று ஆண்டுகள், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்துவரை, என் மகளுக்குச் சோறூட்டியவர் அவர். என் இரண்டாம் இயலும் மூன்றாம் இயலும் அவர் இடுப்பில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. சம்பளம் கொடுத்தோம், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கணினி நிலையத்துக்கும் பணம் கொடுத்தேன், பெயரும் போட்டேன். வேறுபாடு பணத்தில் இல்லை. எந்த வேலை ஆய்வுக்கு உதவிய வேலை, எந்த வேலை வெறும் வேலை என்று நான் வைத்திருந்த பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலுக்குச் சாதியும் உண்டு என்பதை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை.

விடுப்பையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். தமிழ்நாட்டில் திருமணமான பெண் அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. அரசுக் கல்லூரிப் பேராசிரியருக்கு அது கிடைக்கும். அவருடைய ஆய்வு மாணவிக்கு 240 நாள். அந்த மாணவியின் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

வளாகத்துக்குள் ஒரு காப்பகமும் அதில் முறையான ஊதியத்தில் வேலை செய்யும் பெண்களும் இருந்திருந்தால் எங்கள் இருவருடைய கணக்கும் வேறாக இருந்திருக்கும். பெண் ஆய்வாளர்களுக்காகக் கேட்கும்போது காப்பகக் கட்டடத்தை மட்டும் கேட்பது போதாது. அங்கே வேலைக்கு வரப்போகும் பெண்ணின் விடுப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மேல் விழுந்ததை இன்னொருத்தியின் மேல் இறக்கிவைத்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடாமல் விட்டுவிட்டேன் அக்கா என்றேன். அவர் முறத்திலிருந்து நிமிரவில்லை.

“பேரெல்லாம் எதுக்கு கண்ணு. வருசா வருசம் மே மாசம் உங்கம்மா வர்றாங்கன்னு என்னைய வர வேணாம்ன்னீங்களே, அந்தச் சம்பளத்தக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்.”

மூன்று மே மாதங்கள். எனக்கு அந்த மாதங்களிலும் உதவித்தொகை வந்துகொண்டுதான் இருந்தது. ஆய்வேடு மின்வடிவில் ஏறிவிட்டது, நன்றியுரையை இனி மாற்ற முடியாது. சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.