மலேசியக் காற்பந்தும் மலைத்தோட்டச் சிறுவரும்: ஒரு திறனாய்வு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. ஆசிரியப் பணியில் உள்ளோர் அடிக்கடி எடுத்தாளும் மொழியும் அதுவே. ஆயினும், முளையைக் காண வேண்டுமாயின் அது முளைத்த இடத்திற்குச் செல்லும் கால்களும் வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலேசியக் காற்பந்தின் நலிவுக்கு ஆட்டக்காரரின் ஊக்கக் குறைவைக் காரணங் காட்டுவோர் உளர். பயிற்றுநரைப் பழிப்போர் உளர். நிருவாகப் பூசலைச் சுட்டுவோரும் உளர். இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இவை கிளைகளில் தோன்றும் நோய்க்குறிகளே. நோய் வேரில் இருக்கிறது. பத்து வயதுச் சிறுவன் தன் வீட்டின் அருகில், ஆண்டு முழுவதும், ஒழுங்காகப் போட்டி ஆடுவதற்கு வழி இல்லாமற் போனதே அந்த வேர்நோய். இக்கருத்தைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் உள்ள திரிங்காப் வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய்வது பயன் தரும்.

அன்றைய நிலை

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் மலேசியக் குழு அமெரிக்கக் குழுவை 3–0 என்ற கோல் கணக்கில் வென்றது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 1980இல் கோலாலம்பூரில் தென்கொரியாவை 2–1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. உலக அரசியலின் காரணமாக நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் அக்குழு மாஸ்கோ செல்லவில்லை. அதன் பின்னர் ஒலிம்பிக் காற்பந்துக் களத்தில் மலேசியா இடம்பெற்றதே இல்லை.

அந்தப் பொற்காலத்தில் தமிழர் பெயர்கள் தனித்து ஒலித்தன. ந. தனபாலன் முன்னணியில் நின்று கோல் அடித்தார். மு. சந்திரன் தற்காப்பு அரணாக விளங்கினார். கோல்காவலர் இரா. ஆறுமுகம் 'சிலந்தி மனிதர்' என்று நாடு முழுவதும் போற்றப்பட்டார். 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது இன வேறுபாடின்றி மலேசியர் வருந்தினர். இவர்கள் வளர்ந்த காலத்தில் விளையாட்டுப் பள்ளி என்று ஒன்று இந்நாட்டில் இல்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி தோன்றியதே 1996இல்தான்.

பள்ளித் திடலும் தோட்டத் திடலுமே அன்றைய பயிலகங்கள். கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, திடல் ஆகிய நான்கும் தோட்டப்புறத்தின் அடையாளங்கள். மாலையில் வேலை முடிந்து வந்த இளைஞர் திடலில் இறங்குவர். சிறுவர் கோல் கம்பத்தின் பின்னே நின்று, வெளியே வரும் பந்தைத் திருப்பி உதைக்கும் உரிமைக்காகக் காத்திருப்பர். ஞாயிறு தோறும் அண்டைத் தோட்டத்தோடு ஆட்டம். கிராணி நடுவராக இருப்பார். தண்டல் குழுவின் மேலாளராக இருப்பார். எவரும் பாடத்திட்டம் வகுக்கவில்லை; ஆனால் ஆட்டம் ஓயாமல் நடந்தது. ஓயாத ஆட்டமே ஆசானாயிற்று.

இதனைக் கண்மூடிப் போற்ற வேண்டியதில்லை. திடல் நிருவாகத்தின் தயவில் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. திறமை இருந்தும் தோட்ட எல்லையைத் தாண்டாமல் முடிந்துபோனவரே மிகுதி. ஆயினும், ஓர் ஏணியின் முதற்படி வீட்டு வாசலிலேயே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்தப் படி ஆட்டங் கண்டது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் நகரோரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, அது முற்றிலும் பெயர்ந்து விழுந்தது. அதன் இடத்தில் வேறொரு படி வைக்கப்படவில்லை.

மலையின் நிலை

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் திரிங்காப். ஒரு திசையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். மறு திசையில் புளூ வேலி தோட்டம். இடையே மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த காய்கறித் தோட்டங்கள். இங்கே சமதரை என்பது பொன்னுக்கு நிகர். கிடைத்த சமதரையில் முட்டைக்கோசும் தக்காளியும் பயிராகின்றன. எஞ்சியதில் கடைகளும் தங்கும் விடுதிகளும் எழுகின்றன. பிற்பகலில் மழையும் மூடுபனியும் தவறாமல் வருகின்றன. சரிவின் விளிம்பில் அமைந்த திடலில் ஓங்கி உதைத்த பந்து பள்ளத்தில் விழுந்தால் அன்றைய ஆட்டம் பாதியில் நிற்கும்.

தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கொழுந்து பறிக்கும் வேலைக்கு இயந்திரங்களும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்துவிட்டனர். ஆகவே தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் தொகையும் சுருங்கிற்று. கல்வி அமைச்சின் கணக்கில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி குறைந்த மாணவர் பள்ளியாகும். எடுத்துக்காட்டாக, 90 மாணவர் பயிலும் பள்ளி ஒன்றைக் கொள்வோம். ஆறு வகுப்புகளுக்குச் சராசரி 15 பேர். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை 45 பேர். அவருள் ஆண்பிள்ளைகள் 22 அல்லது 23 பேர். இந்தப் பள்ளி பதினொருவர் குழுவை அமைக்க வேண்டுமாயின், இருவருள் ஒருவரைச் சேர்த்தாக வேண்டும். ஆயிரம் மாணவர் பயிலும் நகரப் பள்ளியோ அதே பதினொருவரை 250 பேரிலிருந்து பொறுக்கி எடுக்கிறது.

இவ்விரு பள்ளிகளும் மாவட்டப் போட்டியில் மோதுகின்றன. ஓரிரு நாளில் முடிந்துவிடும் அப்போட்டியில் சிறிய பள்ளி தோற்று வீடு திரும்புகிறது. அத்துடன் அந்த ஆண்டின் காற்பந்து அச்சிறுவருக்கு முடிவுற்றது. ஆண்டில் மூன்று ஆட்டம் ஆடிய சிறுவனிடம், முப்பது ஆட்டம் ஆடிய சிறுவனின் திறனைத் தேர்வாளர் எதிர்பார்ப்பது நீதியாகுமா?

உச்சியில் மாளிகை

அரசு ஒன்றும் செய்யவில்லை எனல் பொருந்தாது. 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கழகத்தில் இளையோரைப் பயிற்றுவித்த லிம் தியோங் கிம் அதன் இயக்குநராக 2018 வரை பணியாற்றினார். மாவட்டப் பயிற்சி மையங்கள் அடியிலும், பகாங் மாநிலக் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பயிலகம் உச்சியிலும் அமைந்தன. அதன் பயனாக லுக்மான் ஹக்கிம் போன்ற இளைஞர் தோன்றினர். 2018இல் ஆசியப் பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டியில் மிகுதியான கோல் அடித்தோர் வரிசையில் அவர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். பெல்ஜியத்துக் கோர்த்ரைக் கழகத்திலும் இடம் பெற்றார். எனினும் அங்கு அவர் களமிறங்கிய ஆட்டங்கள் மிகச் சில. பத்து வயதுச் சிறுவனுக்கு நேர்ந்த அதே குறை, இருபது வயது இளைஞருக்கும் நேர்ந்தது. பயிற்சி உண்டு, ஆட்டம் இல்லை.

மாவட்ட மையம் என்னும் கருத்து சாலச் சிறந்ததே. ஆனால் மையம் ஊர் நடுவில் இருக்கிறது; சிறுவன் தோட்டத்து லயத்தில் இருக்கிறான். பள்ளிப் பேருந்து நண்பகலில் போய்விடுகிறது. மாலைப் பயிற்சிக்கு மகனை அழைத்துச் செல்லக் கூலி வேலை செய்யும் தந்தைக்கு நேரமும் இல்லை, வாகனமும் இல்லை. கேமரன் மலையோ மாநிலத்தின் வடமேற்கு மூலை; கம்பாங்கும் மாநிலத் தலைநகர் குவாந்தானும் கிழக்குப் பகுதி. ஒரே மாநிலம் என்று வரைபடம் சொல்கிறது. வளைந்து இறங்கும் மலைச்சாலை வேறு கதை சொல்கிறது.

இதற்கிடையே குறுக்குவழி நாடும் ஆசை பெருகிற்று. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரரின் மூதாதையர் பற்றிய ஆவணங்கள் பொய்யானவை எனக் கண்ட உலகக் காற்பந்துச் சம்மேளனம், மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 350,000 சுவிஸ் பிராங்க் தண்டம் விதித்தது. நவம்பரில் சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் குழுவும் அம்முடிவை உறுதி செய்தது. அயல்நாட்டு இளைஞருக்கு மலேசியப் பாட்டன்மாரைத் தேடிய காலத்தில், இந்நாட்டு மண்ணைத் திருத்திய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் மலையில் பந்து உதைத்துக்கொண்டிருந்தனர். அவர்களைத் தேடி எவரும் ஏறி வரவில்லை.

அமெரிக்கா தரும் பாடம்

1972இல் மலேசியாவிடம் தோற்ற அமெரிக்கா இன்று பன்மடங்கு உயர்ந்துவிட்டது. 2026 உலகக் கிண்ணப் போட்டியைக் கனடா, மெக்சிகோ நாடுகளுடன் சேர்ந்து நடத்தும் பொறுப்பையும் பெற்றது. மலேசியாவோ உலகத் தரவரிசையில் நூறாம் இடத்திற்கும் பின்னே நிற்கிறது. ஆயினும் அமெரிக்காவின் இளையோர் அமைப்பில் ஒரு பெரும் பிணி உண்டு. அங்கே நல்ல பயிற்சி பெற விரும்பும் சிறுவனின் பெற்றோர் கழகத்திற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டியுள்ளது. ஆகவே தெருவிலே பந்தோடு பிறந்தவர் போல் ஆடும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் பலர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். 2007இல் அந்நாட்டுச் சங்கம் மேம்பாட்டுப் பயிலகத் திட்டத்தைத் தொடங்கியது. 2017 அக்டோபரில் டிரினிடாட் தொபாகோவிடம் 2–1 எனத் தோற்று 2018 உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. 2020இல் அத்திட்டத்தையே மூடியது. பணமும் திடலும் நிறைந்த நாட்டுக்கும், வாயிலில் நின்ற பிள்ளைகளை எண்ணாமையால் தவறு நேர்ந்தது.

அமெரிக்காவில் வாயிலை அடைப்பது கட்டணம். மலைத்தோட்டத்தில் அடைப்பது தொலைவு. பூட்டு வேறு; வெளியே நிற்கும் பிள்ளை ஒன்றே.

இதற்கு மறுதலையாக ஐஸ்லாந்தைக் காட்டலாம். மக்கள்தொகை நான்கு இலட்சத்திற்கும் குறைவு. குளிரும் காற்றும் மிகுந்த நாடு. அவர்கள் கூரையிட்ட திடல்களையும், பள்ளிகளை ஒட்டிச் செயற்கைப் புற்றரைச் சிறுதிடல்களையும் அமைத்தனர். சிறுவருக்கும் தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநரையே நியமித்தனர். 2016 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் காலிறுதி வரை சென்றனர். 2018 உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்று, அதுவரை தகுதி பெற்ற நாடுகளுள் மிகச் சிறியது என்னும் புகழ் எய்தினர். தட்பவெப்பமும் தொகைக் குறைவும் தடைகளல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பிறந்த மாதமும் தேர்வும்

தேர்வு முறையில் மறைந்திருக்கும் குறை ஒன்றை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. வயதுப் பிரிவு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பன்னிரண்டு வயதில், சனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு மூத்தவன். பெரும்பாலும் உயரமும் வலிமையும் மிக்கவன். தேர்வாளர் அவனையே திறமைசாலி எனக் கருதுகிறார். கனடா நாட்டுப் பனி ஹாக்கியில் 1980களில் ஆய்வாளர் இதனைக் கண்டறிந்தனர். பின்னர் ஐரோப்பியக் காற்பந்துப் பயிலகங்களிலும் இதுவே புலனாயிற்று. பெல்ஜியச் சங்கம், உடல் வளர்ச்சியில் பிந்திய சிறுவருக்கெனத் தனி இளையோர் அணிகளை அமைத்து இக்குறையைத் தணிக்க முயன்றது.

தேயிலைத் தோட்டத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று. இளஞ்செடியை நட்ட ஆண்டே எவரும் கொழுந்து பறிப்பதில்லை. மேலோங்கி வளர விடாமல் வெட்டிப் பக்கங்களில் படர விட்டு, ஆண்டுகள் காத்திருக்கின்றனர். செடிக்குக் காட்டும் பொறுமையைச் சிறுவனுக்குக் காட்டலாகாதா?

செய்யத்தக்கன

முதலாவதாக, அண்மையில் உள்ள ஆறு சிறிய பள்ளிகள் எழுவர் ஆட்டக் குழுக்களை அமைத்துச் சுழல்முறைப் போட்டி நடத்தலாம். ஒவ்வொரு குழுவும் மற்ற ஐந்துடன் இருமுறை மோதினால் ஆளுக்குப் பத்து ஆட்டங்கள். எழுவர் ஆட்டத்திற்குப் பெருந்திடல் வேண்டியதில்லை. ஒவ்வொரு சிறுவனின் காலிலும் பந்து அடிக்கடி படும். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்னும் வேறுபாடு இதில் வேண்டாம். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் சிறிய பள்ளியின் ஆள்குறையும் தீரும்.

இரண்டாவதாக, பயிற்றுநர் ஏறி வர வேண்டும். வாரம் ஒருமுறை மாவட்டப் பயிற்றுநர் தோட்டப் பள்ளிக்கு வருவது, இருபது சிறுவர் ஊருக்கு இறங்குவதைவிட எளிது, செலவும் குறைவு. பள்ளிதோறும் ஓர் ஆசிரியராவது தொடக்கநிலைப் பயிற்றுநர் சான்று பெறுதல் இன்றியமையாதது. 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை 2011 முதல் உள்ளது. அதனைப் புறப்பாடப் பதிவேட்டில் மட்டும் வாழ விடுதல் கூடாது.

மூன்றாவதாக, தேர்வு ஒரே நாளில் முடிதல் ஆகாது. ஆட்டந்தோறும் ஆசிரியர் எழுதிவைக்கும் குறிப்பேடு, பிறந்த மாதத்துடன், தேர்வாளர் கைக்குச் செல்ல வேண்டும்.

இரு மறுப்புகள்

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது பெற்றோரின் பழைய அச்சம். ஆறாம் ஆண்டுத் தேர்வே பள்ளியின் மானம் எனக் கருதிய காலத்தில் உடற்கல்விப் பாடவேளையும் பயிற்சித்தாளுக்குப் பலியாயிற்று. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியும் அதைச் சாக்காகக் கூறுதல் இயலாது.

இந்திய இளைஞரைத் தேர்வாளர் ஒதுக்குகின்றனர் என்பது மற்றொரு குறைப்பாடு. அதனைப் பொய்யென்று தள்ளிவிடுவதற்கில்லை. அதனோடு நின்றுவிடுவதற்கும் இல்லை. இந்திய சமுதாயத்தின் முயற்சியால் உருவான மிஃபா குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர் பெயர் மாறிப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என உச்ச லீக்கிலும் இடம் பெற்றது. 2022 பருவத்தோடு விலகியது. விலகிய காரணம் எதுவாயினும், உச்சியில் ஒரு குழு இருப்பதனாலேயே அடியில் உள்ள சிறுவனுக்கு ஆட்டம் கிடைத்துவிடாது என்பது தெளிவு. கி. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2010இல் நாட்டிற்குத் தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார், எஸ். குணாளன் அக்குழுவில் ஆடினார். வாய்ப்புப் பெற்றவர் சிறந்து விளங்கியமைக்கு இவை சான்றுகள். கதவைத் தட்டும் கைகள் பெருகினால், திறவாதிருப்பதற்குக் காரணம் கூறுதல் கதவை உடையார்க்கு அரிதாகும்.

இவற்றுக்கெல்லாம் கோடிக்கணக்கான வெள்ளி தேவையில்லை. ஆறு தலைமையாசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஒரு பருவத்தின் அட்டவணை எழுதப்பட்டுவிடும். அச்சிறுவர் அனைவரும் ஆறுமுகம் ஆகிவிடப் போவதில்லை; ஆக வேண்டும் என்பதும் இல்லை. பத்து ஆட்டம் ஆடி, தோற்று, வென்று, அடுத்த ஞாயிறுக்குக் காத்திருக்கும் பழக்கமே ஒரு பெருங்கல்வி. அவருள் ஒருவன் நாட்டுக்காக ஆடுவானாயின் அது நாட்டின் பேறு. அந்த ஒருவன் யார் என்பது ஆட விட்டாலன்றி எவர்க்கும் தெரியாது. ஆட விடுவது ஆசிரியர் கையில் உள்ளது.